முழங்கைப் பள்ளம்

சுண்டு விரல் துள்ளுகிறது. நான் துள்ளச் சொல்லவில்லை. நரம்பில் கரண்ட் விட்டுச் சோதிக்கிற, ரெஜினா என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிற இந்தப் பெண் ஒரு பொத்தானை அமுக்குகிறாள், மணிக்கட்டில் சுரீர் என்று ஓர் அடி, உடனே என் இடது கைச் சுண்டு விரல் அறுந்து விழுந்த பல்லி வால் மாதிரி ஒரு துள்ளு துள்ளி அடங்குகிறது. என் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்று என்னைக் கேட்காமல் இன்னொருத்தி சொல் கேட்கிறது. கைமேல் அவள் தடவியிருக்கிற கூழ் ரோமத்தோடு ஒட்டிக்கொண்டு சில்லென்று வழிகிறது. அதைத் துடைக்கிற பஞ்சு எனக்கு முன்னால் வந்தவனைத் துடைத்த பஞ்சுதானோ என்று பார்க்கிறேன், இல்லை, புதிதுதான், ஆனாலும் பார்க்கிறேன், முப்பத்தோரு வருஷப் பழக்கம். இன்ச் டேப்பால் அளந்து ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைக்கிறாள், தையற்காரி மாதிரி. "அடுத்தது முழங்கைக்கு மேலய்யா. கொஞ்சம் கூடுதலா இருக்கும், பல்லைக் கடிச்சிக்குங்க" என்கிறாள். கையில் உறை இல்லை. வெறும் விரல். அந்த வெறும் விரலால் என் முழங்கைக்குப் பின்னால், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தடவித் தேடுகிறாள். தொடாதே பெண்ணே, கையை எடு, உனக்குத் தெரியாது என்று தொண்டை வரை வருகிறது. "என்ன வேலை பாத்தீங்கய்யா?" பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாதாம். சுகாதாரத் துறை என்கிறேன். "எந்தப் பிரிவு?" மலேரியா என்கிறேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொசு ஒழித்தவனாம் நான். சுரீர். கை முழுவதும் ஒரு குலுங்கு குலுங்குகிறது, திரையில் ஒரு கோடு எழுந்து படுக்கிறது, அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு இன்னொரு புள்ளி வைக்கிறாள்.

அவள் தேடின பள்ளம் எனக்குத் தெரியாத பள்ளமா. தனகோட்டி என்கிற நான் தொழுநோய் ஆய்வாளனாகத் தொட்ட முழங்கைகளை வரிசையாக நிறுத்தினால் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரை நிற்கும். சட்டையைக் கழற்று, திரும்பு, முதுகைக் காட்டு, கையை மடக்கு, என் முகத்தைப் பார். நோயாளி நம் முகத்தைப் பார்க்க வேண்டும், நாமும் அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், நரம்பை அழுத்தும்போது வலிக்கிறதா என்பதைக் கண்தான் சொல்லும். கட்டை விரலை வைத்த உடனே தெரிந்துவிடும், நூலா கயிறா என்று. கயிறாகத் தடித்திருந்தால் அந்த வியாதி. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே வளைய ஆரம்பித்திருந்தால் தாமதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். புதிதாக வந்த பையன்களுக்கு எல்லாம் நான்தான் இதைக் கற்றுக்கொடுத்தேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் தனகோட்டி சார் சொல்லிவிடுவார் என்பார்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில், குளியலறையில், இடது கையால் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் தண்ணீரில் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. சுத்தமாயிற்றா என்பது அந்த இரண்டு விரலுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டேன், முகர்ந்து பார்த்தேன், மறுபடி சோப்புப் போட்டேன். அப்புறம் கதவைத் தாழிட்டுக்கொண்டு பால்பாயிண்ட் பேனா முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டேன், நான் ஊருக்கெல்லாம் செய்த சோதனை. ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வலது கையால் இழுத்தேன், கட்டை விரல் வளைந்துகொண்டு காகிதம் உருவிக்கொண்டு வந்தது. கடைசியாக வலது கட்டை விரலை இடது முழங்கையில் வைத்தேன். பள்ளத்துக்குச் சற்று மேலே கயிறு.

உடம்பில் தேமல் இல்லை. முதுகுக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தொடைக்கு, பிட்டத்துக்கு, அறுபது வயசுத் தொங்கின தோலை இழுத்து இழுத்துப் பார்த்தேன், எதுவும் இல்லை. வேறொருவனாக இருந்தால் அத்தோடு நிம்மதியாகியிருப்பான். எனக்குத்தான் தெரியுமே, தோலில் ஒரு பொட்டுகூட இல்லாமல் நரம்புக்குள் மட்டும் வருகிற வகை ஒன்று உண்டு, என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரிடம் நானே கண்டுபிடித்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். படித்த படிப்பு எல்லாம் பேய் மாதிரி என்னையே பிடித்துக்கொண்டது. வெறும் சளிக்காய்ச்சல் மாதிரிதாம்மா இது, மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்தால் ஒட்டாது, பயப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பேன். அது வெறும் பேச்சாக இருக்கக்கூடாது என்பது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம், நோயாளி வீட்டில் தண்ணீரோ மோரோ வாங்கித் தெருவே பார்க்க நின்று குடிக்க வேண்டும். நான் குடிப்பேன். சொட்டு விடாமல் அண்ணாந்து குடிப்பேன், இன்னொரு சொம்பு கேட்பேன், அக்கம்பக்கத்துக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள், பெரிய மனுஷன் என்பார்கள். ஊர் எல்லை தாண்டினதும் மொபெட்டை ஓரங்கட்டுவேன். பம்பு செட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வேலி ஓரம். தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் கக்குவேன். மோர் வெளியே வருகிற வரைக்கும். பெட்டியில் சோப்பு டப்பாவும் டெட்டாலும் எப்போதும் இருக்கும், கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கு வெந்து போகும். ஒட்டாது என்று தெரியும். புத்திக்கு நன்றாகவே தெரியும். வயிற்றுக்குத்தான் தெரியவில்லை, முப்பத்தோரு வருஷம் சொல்லியும் அதற்கு ஏறவில்லை. நல்ல பணியாளர் என்று கலெக்டர் கையால் ஒரு சான்றிதழ்கூட வாங்கினேன், அன்றைக்கும் கையைக் கழுவிக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

"முடிஞ்சிடுச்சுங்கய்யா. இந்தக் கையும் ஒரு தடவை பாத்துடறேன், ஒப்பிடணும்ல" என்று வலது பக்கம் வருகிறாள். வலது சுண்டு விரலும் துள்ளுகிறது, ஆனால் இது கொழுத்த துள்ளல், கோடும் உயரமாக எழுகிறது. இடது கையின் கோடு சப்பையாகக் கிடந்தது. எனக்குத் திரை படிக்கத் தெரியாது, ஆனால் சப்பைக்கும் உயரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா. இடது கையைப் பார்க்கிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொழுக்கட்டை மாதிரி இருக்க வேண்டிய சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. இரண்டு விரல் உள்ளே வளைந்து, யாரிடமோ எதையோ வாங்கப் போகிற மாதிரி நிற்கின்றன. இந்தக் கையை எனக்குத் தெரியும். எத்தனை கை இப்படி நீண்டு என்னிடம் மாத்திரை வாங்கியிருக்கிறது. அவர்கள் விரல் என் விரலில் படாமல் அட்டையை உள்ளங்கையில் போடுவதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு, அது எனக்கு அத்துப்படி. பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. வாங்கினவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அஞ்சலாட்சிக்குத் தெரிந்திருக்கும். ஏன் இப்போது அவள். கூழைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, டாக்டர் அறை வாசலில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், என் மனைவி புனிதவதியை ஸ்கேன் படம் வாங்கி வரக் கீழே அனுப்பியிருக்கிறேன், அவள் வருவதற்குள் அஞ்சலாட்சி வந்துவிடுகிறாள். செஞ்சிப் பக்கம் ஒரு ஊர். இருபத்திரண்டு வயசு இருக்கும், கல்யாணமாகி ஒரு வருஷம். முதுகில் வெளிறின ஒரு படை, முழங்கையில் கயிறு. வீட்டுக்காரரிடம் சொல்லிடும்மா, மறைக்காதே, மறைத்தால்தான் தப்பு என்றேன். பயந்தாள். நானே கூட வந்து சொல்கிறேன் என்று போய், அவள் மாமியார் வீட்டு வாசலில் நின்று சொல்லி, மோரும் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த மாசம் மாத்திரை வாங்க அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தாள். அனுப்பிவிட்டார்களாம். அழவில்லை. திட்டவுமில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு, "சார், உங்க வீட்டுல யாருக்காவது இது வந்தா சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். கண்டிப்பா சொல்லுவேம்மா என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன். ஒரு நொடி யோசித்திருந்தால்கூட இப்போது இவ்வளவு அருவருப்பாக இருக்காது. மருந்து முடிந்த அன்றைக்கு ஒரு பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்தாள், வீட்டு மரத்துக் காய் சார், சாப்பிடுங்க என்று. நல்ல பழம், வாசனை ஆளைத் தூக்கியது. அவள் தெருமுனை திரும்பின பிறகு ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் இப்போது கேட்கிறது. ச்சே, கேட்கவில்லை, பக்கத்தில் ஒருவன் பல்லிடுக்கில் எதையோ உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்று மாசம் கையை மடியில் மறைத்துக்கொண்டு திரிந்தேன், பிறகு பாக்கியநாதனிடம் போனேன், என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன், இன்னும் பணியில் இருக்கிறான். தூரத்து ஊரில் ஒரு பழைய நோயாளி, வெளியில் தெரிந்தால் தொங்கிவிடுவான் போலிருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அட்டையை மட்டும் கொடு என்றேன். குருவின் பேச்சு, மறு கேள்வி இல்லை. பெரியவர்களுக்கான சிவப்பு அட்டை. மாசத்துக்கு ஒன்றாக ஐந்து அட்டை தின்றிருக்கிறேன், அலமாரியில் பழைய சம்பளச் சீட்டுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, திருடன் மாதிரி. மாசத்தின் முதல் நாள் மாத்திரைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று எல்லோருக்கும் சொன்னவன் அதைப் பார்த்து நடுங்கிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்த மாத்திரையால் தோல் கருத்தது. முகம் தாமிரப் பாத்திரத்தில் புகை பிடித்த நிறத்துக்கு வந்தது. புனிதவதி கேட்டால் வெயில் என்பேன். வீட்டை விட்டு வெளியே போகாதவனுக்கு என்ன வெயில். அவளும் சரி என்று விட்டுவிட்டாள், காலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, தேங்காய் எண்ணெய் தடவுங்க என்று தினமும் கிண்ணத்தோடு வந்து நின்று என் உயிரை எடுத்தாள், அந்த எண்ணெய் நாற்றத்தோடுதான் படுக்கையே. என் டம்ளரை நானே கழுவி நானே தனியாகக் கவிழ்த்தேன். அவள் அதில் காப்பி ஊற்றிக் குடிப்பதை ஒரு நாள் பார்த்தேன். தடுக்கவில்லை. தடுத்தால் சொல்ல வேண்டி வருமே. ஒட்டாது, தண்ணீரில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு, அவள் உதடு அந்த விளிம்பில் படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் வேட்டி மடிக்க வராமல் நான் தடுமாறியதைப் பார்த்து, விரல் நாளுக்கு நாள் வளையுதே, கை டாக்டரிடம் காட்டியே ஆகணும் என்று பிடித்த பிடியாக நின்று இங்கே இழுத்து வந்துவிட்டாள், டாக்டர் கையைப் பார்த்துவிட்டு ஸ்கேனும் இந்தக் கரண்ட் சோதனையும் எழுதிவிட்டார்.

"தனகோட்டி!" எழுகிறேன். புனிதவதி இன்னும் வரவில்லை, நல்லது, வராமலே இருக்கட்டும், அவள் எதிரில் அந்த வியாதியின் பெயரைக் கேட்க முடியாது. டாக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஸ்கேன் படத்தை விரித்துவைத்திருக்கிறான். "இடது கையில அப்படி என்ன சார் வேலை பாக்கறீங்க?" ஒன்றும் இல்லை. "பாரம் தூக்கறது? தச்சு வேலை? வண்டி ஓட்டறது?" ஓய்வு பெற்று இரண்டு வருஷம், சும்மாதான் இருக்கிறேன். "சும்மான்னா எப்படி இருப்பீங்க, செஞ்சு காட்டுங்க." இது என்ன கூத்து. நாற்காலியின் கைப்பிடியில் இடது முழங்கையை ஊன்றி, கையை மடக்கி, முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்துக் காட்டுகிறேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சட்டத்து ஓரத்தில் முழங்கையைக் குத்திக்கொண்டு, காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை, எவனோ எவனையோ அடிக்கிறது, எவளோ பிரியாணி கிண்டுகிறது, எந்த நாட்டிலோ பாம்பு எலியை விழுங்குகிறது, எல்லாக் கண்றாவியும் பார்ப்பேன். டாக்டர் சிரித்துவிட்டான். "அதேதான் சார்! முழங்கைக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு, எங்கயாவது இடிச்சிக்கிட்டா கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும்ல, அந்த எடம். இந்த நரம்பு அது வழியாத்தான் போவுது. கையை மடக்கினா இழுபடும், ஊனினா நசுங்கும். நீங்க ரெண்டையும் சேத்து ரெண்டு வருஷமாப் பண்ணியிருக்கீங்க." நரம்பு தடித்திருக்கிறதே டாக்டர், வேறு ஏதாவது, அந்த மாதிரி வியாதி ஏதாவது என்று இழுத்தேன். "லெப்ரசியா? எனக்கும் அந்த டவுட் வந்துச்சு, உங்க கலரையும் பாத்தேன், அதனாலதான் ஸ்கேன் எழுதினேன். இல்ல. அதுன்னா நரம்பு மேல வரைக்கும் தடிச்சிருக்கும், வேற நரம்புலயும் தெரியும். இது நசுங்குன எடத்துக்குப் பக்கத்துல மட்டும் வீங்கியிருக்கு. கரண்ட்டும் கரெக்டா அந்தப் பள்ளத்துலதான் மெதுவாவுது, மத்தபடி எல்லாம் சுத்தம்." இல்லை. அது இல்லை. பிறகு அவன் சொன்னதெல்லாம் தூரத்தில் கேட்டது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் முழங்கையை ஊன்றாதீங்க, தூங்கும்போது கை மடங்காமல் துண்டைச் சுற்றிக்கொண்டு படுங்க, கொஞ்சம் பயிற்சி, அத்தோடு அனுப்பியிருப்பானாம். இப்போது சதை வற்றிவிட்டதால் ஆபரேஷன் செய்து நரம்பைப் பள்ளத்திலிருந்து விடுவித்து முன்பக்கம் நகர்த்த வேண்டுமாம். "மதமதப்பு குறையும், விரல் இதுக்கு மேல வளையாது. போன சதை முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். எட்டு மாசம் எதுக்கு சார் சும்மா இருந்தீங்க?" அவனைப் பார்த்துச் சிரித்தேன்.

வெளியே வந்து நின்றேன். பாதிக் கை போயிற்று, எனக்குத் துக்கமே இல்லை. சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம், அடிவயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வருகிறது, கண்ணில் நீர் கட்டுகிறது, ஓடிப் போய் யாரையாவது கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் அவர்களில் ஒருவன் இல்லை. இதை நினைத்த உடனேயே, யாருடா அந்த அவர்கள், அவர்களால் கிடைத்த சோற்றைத்தானே முப்பத்தோரு வருஷம் தின்றாய் என்று இன்னொரு பக்கம் காறித் துப்புகிறது. துப்பட்டும். இந்தச் சந்தோஷத்தை விட மாட்டேன். இதே சந்தோஷத்தை எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறேன், இது வெறும் தேமல்தான் என்று நான் சொன்னதும் காலில் விழுந்தவர்கள் உண்டு, அவர்களை எழுப்பி நிறுத்தி, இருந்தால்தான் என்ன, அப்படி எல்லாம் ஒதுக்கக்கூடாது என்று பாடம் எடுத்திருக்கிறேன். புனிதவதி படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள், கையில் பெரிய கவர். டாக்டர் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை, நரம்பு நசுங்கியிருக்கிறது, ஒரு சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "ஆபரேஷனா?" முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு. "அப்ப மாத்திரை? மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னீங்களா டாக்டர்கிட்ட?"

என்ன மாத்திரை என்றேன். "அலமாரியில வெச்சிருக்கீங்களே, செவப்பு அட்டை. அதத்தான உங்க பையில நான் கல்யாணமான நாளா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? தை மாசமே பாத்துட்டேன். சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன். அஞ்சு அட்டை முடிஞ்சும் வெரல் வளஞ்சிக்கிட்டே போவுதேன்னுதான் இங்க இட்டாந்தேன்." சாதாரணமாகச் சொல்கிறாள், கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. தை மாசத்திலிருந்து. டம்ளர், காப்பி, ஒரே படுக்கை. உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "எதுக்குப் பயம்? நீங்கதான ஊர் ஊராப் போயி சொன்னீங்க, சளிக்காய்ச்சல் மாதிரின்னு." கவரைப் பிரித்துப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் மறுபடி உள்ளே வைத்தாள். நிஜமான கவலையோடு என் கையைப் பிடித்து, வளைந்த இரண்டு விரலையும் நீவிக்கொண்டே சொன்னாள். "அதுவாவே இருந்திருக்கலாங்க. ஒரு வருஷ மாத்திரையோட போயிருக்கும். இப்ப கையைக் கிழிக்கணுங்கறாங்களே."

"ச்சீ!" என்றேன். கையை உதறிப் பிடுங்கிக்கொண்டேன். என் குரல்தான். அத்தனை வாசல்களில் மோரோடு சேர்த்து விழுங்கினது, ஒரு நாளும் வெளியே வராதது, பட்டப்பகலில் ஆஸ்பத்திரி நடைபாதையில், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்துவிட்டது. புனிதவதியின் கை நீட்டின இடத்திலேயே நின்றது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்து, மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அப்ப ஊர் ஊராச் சொன்னீங்களே, நீங்க நம்பலையா அத?"

அவள் என் கக்கத்திலிருந்த ஃபைலை உருவிக்கொண்டு, ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிற இடம் எது என்று எதிரே வந்த நர்ஸிடம் விசாரித்து, எனக்கு முன்னால் நடந்து போனாள்.